2,500 ரூபாய்ப் பெட்டி, இரவல் பெட்டி, இலவச மென்பொருள்: காவேரிப்பட்டணத்தில் ஒரு கிட்டார் ஒப்பீடு

பெட்டி என் மேசைக்கு வரும்போதே உயிர் இல்லை. அடாப்டரைச் செருகினால் விளக்கு எரியவில்லை, திரை ஒளிரவில்லை. அடாப்டர்தான் ஒரு நொடி துடித்துவிட்டு அடங்கியது. பெங்களூரில் ஒருவர் “எதற்கும் ஆகாது, உதிரிப் பாகத்துக்கு எடுத்துக்கொள்ளுங்கள்” என்று சொல்லி 2,500 ரூபாய்க்குக் கொடுத்த கிட்டார் மாடலர் அது. எட்டு வருடத்துப் பழசு. புதிதாக வந்தபோது பத்தாயிரம் ரூபாய்ச் சுற்றில் விற்றது. எந்தக் கம்பெனி என்று சொல்லப்போவதில்லை. பின்னால் அதைப் பற்றிக் கொஞ்சம் குறை சொல்ல வேண்டியிருக்கிறது. எட்டு வருடம் உழைத்த பொருளைப் பெயர் சொல்லித் திட்டுவது நியாயமில்லை.

காவேரிப்பட்டணத்தில் இன்வெர்ட்டர், யு.பி.எஸ். பழுதுபார்க்கும் கடை வைத்திருக்கிறேன். திருவிழாக் காலங்களில் ஒரு மெல்லிசைக் குழுவில் கிட்டார் வாசிப்பேன். இந்த ஒப்பீட்டுக்குக் காரணம் அக்கா மகன். கிருஷ்ணகிரியில் கல்லூரியில் படிக்கிறான்; மாம்பழ சீசனில் ஒரு மாங்கூழ் தொழிற்சாலையில் கணக்கு எழுதி 25,000 ரூபாய் சேர்த்துவைத்திருந்தான். “மாமா, இந்தப் பணத்துக்கு நல்ல மாடலர் எது?” என்று கேட்டான். எனக்குத் தெரியவில்லை. தெரியவில்லை என்று மாப்பிள்ளையிடம் சொல்ல மனம் வரவில்லை. அங்கே ஆரம்பித்தது.

மாடலர் என்றால் என்னவென்று அறியாதவர்களுக்காக ஒரு வார்த்தை. பதிவுகளில் நாம் கேட்கும் மின்கிட்டாரின் ஒலி, கிட்டாரில் மட்டும் பிறப்பதில்லை. வால்வு ஆம்ப்ளிஃபயர் (சுருக்கமாக ஆம்ப்), 12 அங்குல ஸ்பீக்கர் அடங்கிய பெட்டி, அதற்கு முன்னால் வைத்த மைக், இந்த மூன்றும் சேர்ந்து செய்யும் வேலை அது. மூன்றையும் கணக்காக மாற்றி, காலடியில் வைக்கும் பெட்டிக்குள் அடைத்தால் மாடலர். ரோலண்ட் வி.ஜி.-8 வந்தது 1995இல். லைன் 6 நிறுவனத்தின் சிவப்பு நிற பாட், பார்க்க ராஜ்மா பயறு போல இருக்கும், 1998இல் வந்தது. அதற்குப் பிறகு 2006இல் ஃப்ராக்டலின் ஆக்ஸ்-எஃப்.எக்ஸ்., 2015இல் ஹீலிக்ஸ், 2021இல் ஃபின்லாந்திலிருந்து குவாட் கார்டெக்ஸ் என்று விலை ஏறிக்கொண்டே போனது. இன்னொரு பக்கம் சீனத் தயாரிப்புகள் விலையை இறக்கிக்கொண்டே வந்தன.

எங்கள் பக்கத்து மேடைகளில் கிட்டார் ஆம்ப் என்று ஒன்று இருப்பதே அபூர்வம். கிட்டார் கேபிள் நேராக மிக்சருக்கு, அதாவது எல்லாக் கருவிகளின் ஒலியையும் கலக்கும் பலகைக்குப் போகும். ஒலியைக் கரகரப்பாக்கும் டிஸ்டார்ஷன் பெடல் ஒன்றை நடுவில் வைத்து அப்படியே மிக்சரில் கொடுத்துப் பாருங்கள், தகரத்தில் ஆணியால் கீறியது போல இருக்கும். கிட்டார் ஸ்பீக்கர் 5,000 ஹெர்ட்ஸுக்கு மேல் செங்குத்தாகச் சரிந்துவிடும். அந்தக் கீறல் சத்தத்தை அதுதான் விழுங்குகிறது. மிக்சரோடு வரும் பெரிய ஸ்பீக்கர்கள் எதையும் விழுங்காது. ஆகவே எங்களுக்கு மாடலர் ஆடம்பரம் இல்லை, தேவை.

முதலில் செத்ததை எழுப்பிய கதை. டி.சி. ஜாக்கின் இரண்டு முனைகளுக்கு இடையே மல்டிமீட்டரை வைத்தேன். பீப் என்று கத்தியது, 0.3 ஓம். உள்ளே எங்கோ ஷார்ட். நான்கு திருகுகளைக் கழற்றியதும் காரணம் கண்ணில் பட்டது. ஜாக்குக்கு ஒட்டினாற்போல் ஒரு டையோடு, பக்கத்தில் போர்டு லேசாகப் பழுப்பேறியிருந்தது. கிட்டார் பெடல்களுக்கு வழக்கமாக 9 வோல்ட், நடு முனை மைனஸ். வீட்டு வைஃபை ரவுட்டரின் அடாப்டரில் நடு முனை பிளஸ். முனையின் அளவோ ஒன்றுதான். யாரோ ரவுட்டர் அடாப்டரைச் செருகியிருக்கிறார்கள். தலைகீழாக மின்சாரம் வந்தால் தன்னைக் கொடுத்து மற்றதைக் காப்பாற்றத்தான் அந்த டையோடை அங்கே வைத்திருக்கிறார்கள். அது தன் கடமையைச் செய்து ஷார்ட் ஆகியிருக்கிறது. ஒரு காலைச் சூடாக்கித் தூக்கிவிட்டு மீண்டும் அளந்தேன், ஷார்ட் இல்லை. கடையில் கிலோ கணக்கில் கிடக்கும் 1என்4007 ஒன்றைப் பற்றவைத்தேன். ஒன்றோ இரண்டோ ரூபாய். திரை எரிந்தது.

எரிந்ததே தவிர, ஹெட்ஃபோனில் ஒரு மெல்லிய விசில். பவர் பகுதியில் ஒரு 470 மைக்ரோ ஃபாரட் கண்டன்சர் தலை உப்பி நின்றது, 16 வோல்ட். அதை எடுத்துவிட்டு 25 வோல்ட் ஒன்றைப் போட்டேன். விசில் போனது. இரண்டாவது ஃபுட் சுவிட்ச் நான்கு முறை மிதித்தால் ஒரு முறைதான் கேட்டது. மேலே பார்க்கப் பெரிய இரும்புப் பொத்தான். அடியில் அது அழுத்துவது டி.வி. ரிமோட்டில் இருப்பது போன்ற 6 மில்லிமீட்டர் குட்டி சுவிட்ச். அதையும் மாற்றினேன். மொத்தச் செலவு நாற்பது ரூபாய்க்குள்.

இப்போது கையில் ஒரு பெட்டி இருந்தது. ஓசூரில் இருக்கும் நண்பர் ஒருவர் தன் லைன் 6 எச்.எக்ஸ். ஸ்டாம்ப் மாடலரை இரண்டு வாரத்துக்கு இரவலாகக் கொடுத்தார். 2018இல் 599 டாலருக்கு வெளிவந்த பெட்டி; அவர் பெங்களூரில் இரண்டாம் கையாக 45,000 ரூபாய்க்கு வாங்கியிருந்தார். மூன்றாவது, காசே இல்லாதது: நியூரல் ஆம்ப் மாடலர், சுருக்கமாக என்.ஏ.எம். ஸ்டீவன் அட்கின்சன் எழுதி இலவசமாக வெளியிட்ட மென்பொருள். இலவசம்தான், ஆனால் லேப்டாப்பும், கிட்டாரை அதோடு இணைக்கும் ஆடியோ இன்டர்ஃபேஸும் வேண்டும். லேப்டாப் கடையில் இருந்தது. இன்டர்ஃபேஸ் ஏற்கெனவே 12,000 ரூபாய் கொடுத்து வாங்கியது.

இவற்றுக்குள் இரண்டு பாதைகள் இருக்கின்றன. எச்.எக்ஸ். ஸ்டாம்ப் போன்றவை ஆம்பின் சர்க்யூட்டைப் பகுதி பகுதியாகக் கணக்கிடுகின்றன. கெயின், பேஸ், ட்ரெபிள் திருகுகளைத் திருப்பினால் கணக்கும் கூடவே மாறும். என்.ஏ.எம். அப்படி இல்லை. உண்மையான ஓர் ஆம்புக்குள் ஒரு சோதனை ஒலியை அனுப்பி, வெளியே வந்ததையும் உள்ளே போனதையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, இதிலிருந்து அது எப்படி வந்தது என்று ஒரு நியூரல் நெட்வொர்க்கைப் பழக்குகிறார்கள். படம் பிடித்தது போல. எடுத்த நேரத்தில் திருகு ஐந்தில் இருந்தால் ஐந்துதான். ஆறு வேண்டுமென்றால் இன்னொரு படம்.

மூன்றிலும் ஒரே ஆம்பைத் தேர்ந்தெடுத்தோம்: மார்ஷலின் ஜே.சி.எம். 800. எச்.எக்ஸ். ஸ்டாம்ப்பில் அதன் பெயர் “பிரிட் 2204”. அடுத்தவர் வணிகப் பெயரை நேராகப் போட முடியாததால் எல்லாரும் இப்படி ஜாடையாகத்தான் பேர் வைக்கிறார்கள். மனைவி கணவன் பெயரைச் சொல்லாமல் சுற்றி வளைத்துச் சொல்லும் எங்கள் பாட்டி காலத்து வழக்கம்தான் ஞாபகத்துக்கு வந்தது.

மாப்பிள்ளைதான் முதல் கேள்வியைக் கேட்டான். “அசல் ஜே.சி.எம். 800-ஐ நீங்கள் கேட்டிருக்கிறீர்களா, மாமா?”

பெங்களூரில் ஓர் ஒத்திகை அறையில் ஒரே ஒரு முறை கேட்டிருக்கிறேன். காது இரண்டு நாள் இரைந்தது. நினைவில் இருப்பது சத்தம்தான், ஒலி இல்லை. அவன் கேட்டது சரியான கேள்வி. எங்கள் ஊரில் அசலைப் பக்கத்தில் நின்று கேட்டவர்கள் எத்தனை பேர்? அசலைக் காணாதவர்கள் நகல்களுக்கு மதிப்பெண் போடுவது எப்படி? யோசித்தபோது ஒன்று தோன்றியது. நாம் அசலைக் கேட்காதவர்கள் இல்லை. மைக் வழியாகக் கேட்டிருக்கிறோம், ஆயிரம் பாட்டுகளில். மாடலர்களும் அந்த அறையில் நின்று கேட்கும் ஒலியைத் தருவதாகச் சொல்லவில்லை. மைக்குக்குப் பின்னால் கிடைக்கும் ஒலியைத்தான் தருகின்றன. ஆக எங்களுக்கும் தீர்ப்புச் சொல்ல வழி உண்டு என்று சமாதானம் செய்துகொண்டோம்.

முதல் சோதனை படுதோல்வி. ஞாயிற்றுக்கிழமை பிற்பகல், கடைக்குள் மூன்று நடுவர்கள்: மாப்பிள்ளை, எங்கள் குழுவின் கீபோர்டு அண்ணன், டோலக் வாசிக்கும் பெரியவர். நடுவில் ஒரு தட்டு நிறைய நிப்பட் (தட்டை போன்ற தின்பண்டம்). நான் ஒவ்வொரு பெட்டியிலும் மாற்றி மாற்றி வாசித்தேன். மூவரும் தயக்கமே இல்லாமல் எச்.எக்ஸ். ஸ்டாம்ப்தான் என்றார்கள். “இதில் ஆழம் இருக்கிறது” என்றார் கீபோர்டு அண்ணன். எனக்கும் அப்படித்தான் பட்டது. இரவு பதிவை எடுத்து மீட்டரில் பார்த்தேன். ஸ்டாம்ப் மற்ற இரண்டையும்விட 3 டெசிபல் சத்தமாக இருந்தது. ஆழமும் இல்லை, அகலமும் இல்லை. சத்தம் கூடினால் காது அதை நல்லது என்று எடுத்துக்கொள்கிறது. சத்தம் கூடும்போது தாழ்ந்த ஒலியும் உயர்ந்த ஒலியும் நமக்கு இன்னும் நன்றாகக் கேட்கும் என்பது 1933இலேயே ஃப்ளெட்சரும் மன்சனும் அளந்து வைத்த விஷயம். கடைக்காரர்கள் டெமோவில் எந்தப் பெட்டியின் வால்யூமைக் கூட்டிவைப்பார்கள் என்று யோசித்துக்கொள்ளுங்கள்.

இன்னொரு குற்றமும் என்னிடம் இருந்தது. பிடித்த பெட்டியில் நான் பிடித்தபடி வாசித்தேன். கை ஏமாற்றும்.

ஆகவே ஒழுங்காகச் செய்ய முடிவு செய்தோம். ஒரே வாசிப்பை ஒரு முறை பதிவு செய்துகொண்டு, அதே பதிவை மூன்று பெட்டிக்கும் ஊட்டுவது. கிட்டாரை இன்டர்ஃபேஸில் நேராகச் செருகி, எந்தச் சாயமும் இல்லாமல் நான்கு துண்டுகள் எடுத்தோம்: மெதுவாக விரல்களால் மீட்டிய கார்டுகள் (ஒரே நேரத்தில் ஒலிக்கும் சுரக் கூட்டுகள்), கிட்டார் வால்யூமைப் பாதியாக்கி அடித்த கார்டுகள், உள்ளங்கையால் அடக்கி அடித்த கனமான ரிஃப், மெல்லிய கம்பியில் இருபதாம் கட்டில் (ஃப்ரெட்) கம்பியை வளைத்துச் சுரத்தை ஏற்றும் ஒரு நீண்ட இழுப்பு.

பதிவை மறுபடி கிட்டார் மாதிரி வெளியே அனுப்ப ஒரு குறுக்குப் பெட்டி வேண்டும். இன்டர்ஃபேஸின் வெளியீடு கிட்டாரைவிடப் பலமானது. அப்படியே கொடுத்தால் மாடலரின் வாசலிலேயே அலை நசுங்கிவிடும். கடையில் கிடந்த பழைய டயல்-அப் மோடத்தைப் பிரித்து 600-க்கு 600 ஓம் டிரான்ஸ்ஃபார்மரை எடுத்தேன். ஒரு பிஸ்கட் தகர டப்பா, 10 கிலோ ஓம் வால்யூம், இரண்டு கால் அங்குல ஜாக். தகர டப்பா இருந்தால் இரைச்சலும் உள்ளே வராது. அரைமணி நேரத்தில் முடிந்த வேலை. பெருமையாகவும் இருந்தது.

பெருமை மறுநாள் வரைதான். டப்பா வழியாக அனுப்பிய பதிவை மீண்டும் இன்டர்ஃபேஸுக்கே எடுத்து அசல் பதிவோடு ஒப்பிட்டேன். தடித்த கம்பி சோனியாகிவிட்டிருந்தது. கிட்டாரின் அடிக்கம்பி 82 ஹெர்ட்ஸ். அந்த டிரான்ஸ்ஃபார்மரோ தொலைபேசியில் மனிதக் குரல் போவதற்காகச் செய்தது, 300 ஹெர்ட்ஸுக்குக் கீழே அதற்கு அக்கறை இல்லை. அதைப் பிடுங்கி எறிந்துவிட்டு, வெறும் வால்யூமை மட்டும் வைத்துக்கொண்டேன். டிரான்ஸ்ஃபார்மர் போனதால் எர்த் சுற்றி வந்து உறுமும் ஆபத்து உண்டு. லேப்டாப்பை பேட்டரியில் ஓட்டியதும் உறுமல் இல்லை. அசல் பதிவும் டப்பா வழியாகத் திரும்பி வந்ததும் மீட்டரில் ஒரே அளவு காட்டும் இடத்தில் வால்யூமை நிறுத்தி, மேலே சிறு துண்டு டேப் ஒட்டினேன்.

அடுத்து, மூன்றிலும் ஸ்பீக்கர் பகுதியை அணைத்துவிட்டோம். ஆம்ப் பகுதி மட்டும் அந்தந்தப் பெட்டியில். ஸ்பீக்கருக்குக் கணினியில் ஒரே ஒரு ஐ.ஆர். கோப்பு. ஐ.ஆர். என்பது ஸ்பீக்கரும் மைக்கும் சேர்ந்து ஒரு டப் சத்தத்துக்குக் காட்டும் எதிர்வினையின் பதிவு. நொடியில் ஒரு சிறு பங்குதான் இருக்கும். செலஸ்டியன் வின்டேஜ் 30 ஸ்பீக்கர் நான்கு வைத்த பெட்டியின் ஐ.ஆர். ஒன்றை எடுத்துக்கொண்டோம். கடைசியாக எல்லாவற்றின் சத்தத்தையும் அரை டெசிபலுக்குள் சமப்படுத்தினோம்.

அதே நடுவர்கள், அதே நிப்பட் (கடிக்கும் சத்தம் தொந்தரவாக இருந்ததால் இடைவேளையில் மட்டும்). ஆளுக்கு 12 துண்டுகள். எது எந்தப் பெட்டி என்று சொல்ல வேண்டும். 36 விடைகளில் 15 சரி. கண்ணை மூடிக்கொண்டு சொல்லியிருந்தாலே 12 வந்திருக்கும்.

கீபோர்டு அண்ணன் பதில்களை மறுபடி எண்ணச் சொன்னார். எண்ணினேன். மாப்பிள்ளையின் முகத்தில் 25,000 ரூபாய் மிச்சமான களை.

ஆனால் அந்தப் 15-இல் ஒரு விஷயம் ஒளிந்திருந்தது. டோலக் பெரியவர் இருபதாம் கட்டு இழுப்பில் மட்டும் ஒவ்வொரு முறையும் பழுதுபார்த்த பெட்டியைச் சரியாகப் பிடித்தார். அவருக்குக் கிட்டாரில் எத்தனை கம்பி என்பதே சந்தேகம்.

“எப்படிக் கண்டுபிடித்தீர்கள்?” என்று கேட்டேன்.

“இதில் மட்டும் பின்னால் ஒரு கொசு கத்துகிறது, தம்பி. பாட்டு மேலே போகும்போது அது கீழே இறங்குகிறது.”

மறுபடி போட்டுக் கேட்டேன். ஆமாம், கொசு. மேலே ஏறும் இழுப்புக்கு அடியில் எதிர்த் திசையில் வழுக்கி இறங்கும் ஒரு மெல்லிய கீச்சு. ஒரு முறை கேட்டுவிட்டால் காதை விட்டு அது போகவே போகாது. அதுவரை நான் அதைக் கேட்டதே இல்லை, இத்தனை வருடம் கிட்டார் வாசித்தும்.

இதற்குப் பெயர் ஆலியாசிங். இன்வெர்ட்டர்க்காரன் என்பதால் எனக்கு இது சட்டென்று விளங்கியது. ஒரு சைன் அலையின் தலையைச் சீவினால் அது ஸ்கொயர் அலைப் பக்கம் நகர்கிறது. கூடவே மூன்று மடங்கு, ஐந்து மடங்கு, ஏழு மடங்கு என்று பெருக்கல் வாய்ப்பாடு மாதிரி புதிய அதிர்வுகள் பிறக்கின்றன. மலிவு இன்வெர்ட்டரில் மின்விசிறி ஏன் முனகுகிறதோ, அதே காரணம். டிஸ்டார்ஷன் என்பதும் தலை சீவல்தான். வால்வு ஆம்பில் இந்த மடங்குகள் எவ்வளவு மேலே போனாலும் கவலையில்லை, காதுக்கு எட்டாத உயரத்தில் மறைந்துவிடும். டிஜிட்டலில் அப்படி மறைய இடமில்லை. நொடிக்கு 48,000 முறை அளக்கும் பெட்டியில் உச்சவரம்பு 24,000 ஹெர்ட்ஸ். அதைத் தாண்டிய மடங்கு கண்ணாடியில் பட்டது போலத் திரும்பிக் கீழே வந்து விழும்.

கணக்கைப் பார்ப்போம். மெல்லிய கம்பியில் இருபதாம் கட்டு 1,046.5 ஹெர்ட்ஸ். அதன் 43-ஆவது மடங்கு ஏறக்குறைய 45,000. வரம்பைத் தாண்டியதால் 48,000-இல் 45,000 போக மீதி 3,000 ஹெர்ட்ஸில் வந்து விழுகிறது, காது மிகக் கூர்மையாகக் கேட்கும் இடத்தில். கம்பியை அரைச் சுரம் இழுத்தால் அடிப்படை 1,108.7 ஆகிறது, 43-ஆவது மடங்கு 47,674, மீதி 326. கிட்டார் 62 ஹெர்ட்ஸ் ஏறும்போது கொசு 3,000-இலிருந்து 326-க்கு இறங்குகிறது. பெரியவர் சொன்னது இம்மி பிசகாத உண்மை.

இதைத் தடுக்க வழி, தலை சீவும் கணக்கை மட்டும் 4 மடங்கு, 8 மடங்கு வேகத்தில் போட்டு, வரம்புக்கு மேலே இருப்பதை வடிகட்டிவிட்டுத் திரும்பி வருவது. அதற்கு வலுவான சிப் வேண்டும். வலுவான சிப்புக்குக் காசு வேண்டும். 2,500 ரூபாய்ப் பெட்டிக்கும் 45,000 ரூபாய்ப் பெட்டிக்கும் இடையே ஒலியில் நான் கண்ட உண்மையான வித்தியாசம் இந்த ஒரு கொசு. மற்ற பணம் ஒரே நேரத்தில் அடுக்கக்கூடிய எஃபெக்ட்களின் எண்ணிக்கைக்கும், நல்ல திரைக்கும், உறுதியான ஜாக்குக்கும், புதுப்பித்துக்கொண்டே வரும் மென்பொருளுக்கும் போகிறது. அவையும் வீண் என்று சொல்லவில்லை. நண்பரின் ஸ்டாம்ப்புக்கு இத்தனை வருடம் கழித்தும் புதிய ஆம்ப்கள் இலவசமாக வந்துகொண்டிருந்தன; என் பெட்டியின் கம்பெனி அதை மறந்தே போய்விட்டது.

எந்த மாடலர் வாங்கினாலும் கடையிலேயே இந்தச் சோதனையைச் செய்யலாம். கெயினை முழுக்க ஏற்றி, ஸ்பீக்கர் பகுதியை அணைத்து, உச்சக் கட்டில் மெதுவாக ஓர் இழுப்பு. எதிர்த் திசையில் ஏதாவது இறங்குகிறதா என்று மட்டும் கேளுங்கள். முடிந்தால் டோலக் வாசிப்பவர் ஒருவரைக் கூட அழைத்துப் போங்கள்.

என்.ஏ.எம். ஒலியில் தோற்கவில்லை. தோற்றது நேரத்தில். லேப்டாப்பில் பஃபர், அதாவது ஒரு தடவைக்கு அது சேர்த்துக் கையாளும் ஒலித் துண்டின் அளவு, 128 வைத்தால் படபடவென்று வெடித்தது. 256 வைத்தால்தான் ஓடியது. விரல் கம்பியைத் தொட்டதிலிருந்து ஒலி வர 14 மில்லி நொடி ஆனது. ஒலி காற்றில் ஒரு மில்லி நொடிக்கு 34 சென்டிமீட்டர் நகரும். ஆக ஆம்பை ஐந்து மீட்டர் தள்ளி வைத்து வாசிப்பது போல. மெதுவான பாட்டில் தெரியாது. வேகமான தாளத்தில் கையுறை போட்டுக்கொண்டு வாசிப்பது போலிருந்தது. ஸ்டாம்ப் 3 மில்லி நொடிக்குள் பதில் சொன்னது. நல்ல கணினி இருந்தால் என்.ஏ.எம்.தான் வீட்டுப் பதிவுக்கு என் முதல் தேர்வு; விலை பூஜ்யம் என்பதற்காக அல்ல, பாதி வால்யூமில் அடித்த கார்டுகளில் அதுதான் எனக்கு உயிரோடு கேட்டது. இதை மட்டும் குருட்டுச் சோதனையில் நிரூபிக்க முடியவில்லை, பிடித்திருக்கிறது, அவ்வளவுதான்.

மேடைச் சோதனை ஒரு மாரியம்மன் திருவிழாவில். ஸ்டாம்ப்பைத் திருப்பிக் கொடுக்க இரண்டு நாள் இருந்ததால் இரண்டையும் எடுத்துப் போனேன். செருகியதும் இரண்டும் ஒரே குரலில் உறுமின. ம்ம்ம்ம் என்று அடிவயிற்றிலிருந்து வரும் உறுமல். 45,000 ரூபாய் உறுமல், 2,500 ரூபாய் உறுமல், வித்தியாசமே கிடையாது. பாட வந்த பையன் கையில் கிட்டாரைப் பிடித்துக்கொண்டு மைக்கில் வாயை வைத்தான்; உதட்டில் சுரீரென்று அடித்தது என்று துள்ளிக் குதித்தான்.

ஒப்பீட்டை ஓரம் கட்டிவிட்டு மல்டிமீட்டரை எடுத்தேன். ஜெனரேட்டர் பலகையில் நியூட்ரலுக்கும் எர்த்துக்கும் நடுவே 38 வோல்ட். நல்ல இணைப்பில் இரண்டு மூன்று வோல்ட்டுக்கு மேல் இருக்கக் கூடாது. எர்த் கம்பியைத் தொடர்ந்து போனேன். அது ஜெனரேட்டர் வண்டியின் சக்கரத்துக்குப் பக்கத்தில் காற்றில் தொங்கிக்கொண்டிருந்தது. மண்ணுக்குள் எதுவும் போகவில்லை. ஜெனரேட்டரை நிறுத்தச் சொல்லிவிட்டு, பூக்கடைக்காரரிடம் கடப்பாரை வாங்கிக் குழி போட்டு, பந்தல் ஓரத்தில் கிடந்த ஒரு இரும்புக் குழாயை மூன்றடி ஆழத்துக்கு அடித்து, உப்பும் தண்ணீரும் ஊற்றி, கம்பியை இறுக்கிக் கட்டினேன். முறையான எர்த்துக்கு இது போதாது, அன்றைய இரவுக்குப் போதும். மறுபடி ஓடவிட்டு அளந்தபோது 3 வோல்ட். உறுமல் முக்கால்வாசி அடங்கியது. மிச்சம் கீபோர்டோடு இணைத்திருந்த லேப்டாப்பின் இரண்டு முனைச் சார்ஜரிலிருந்து வந்தது. அதைக் கழற்றியதும் நிசப்தம். மின்சாரம் அடிக்கும் மேடையில் இசைக் கருவியைத் தொடாதீர்கள் என்று பாடகரிடம் சொன்னதுதான் அந்த இரவில் நான் செய்த உருப்படியான வேலை.

பிறகு நடந்த வாசிப்பில், முதல் பாதிக்கு ஸ்டாம்ப், இரண்டாம் பாதிக்குப் பழுதுபார்த்த பெட்டி. ஐ.ஆர். ஏற்றும் வசதி அதில் இல்லை. அதன் சொந்த ஸ்பீக்கர் ஒலி கொஞ்சம் கூச்சம் தரும். அதனால் ஈக்குவலைசரில் 5,500 ஹெர்ட்ஸுக்கு மேலே வெட்டி, 100-க்குக் கீழேயும் வெட்டிவைத்திருந்தேன். கூட்டத்தில் ஒருவரும் திரும்பிப் பார்க்கவில்லை. மிக்சரில் உட்கார்ந்திருந்தவர் மட்டும் இடைவேளைக்குப் பிறகு கிட்டார் தெளிவாக இருக்கிறது என்றார். அது பெட்டியால் இல்லை. இடைவேளையில் அவர் டோலக்கின் வால்யூமைக் குறைத்திருந்தார்.

மாப்பிள்ளையின் பணம் என்ன ஆயிற்று? எங்கள் மேடைகளில் அவன் வாசிக்கப்போவது பெரும்பாலும் சுத்தமான ஒலியும் லேசான கரகரப்பும்தான். அந்த இரண்டிலும் கொசுவுக்கு வேலை இல்லை. பழுதுபார்த்த பெட்டியை அவனுக்கே கொடுத்துவிட்டேன். கிட்டார் ஒலியை மிக்சருக்கு ஏற்றபடி மாற்றித் தரும், எர்த்தைப் பிரிக்கும் சுவிட்ச் உள்ள டி.ஐ. பாக்ஸ் ஒன்று, 15 மீட்டர் எக்ஸ்.எல்.ஆர். கேபிள் (மைக்குக்குப் போடும் வகை), மேடையில் தன் காலடியில் வைத்துக்கொள்ள இரண்டாம் கைப் பவர்டு ஸ்பீக்கர் ஒன்று. மொத்தம் 17,000 ரூபாய்க்கு முடிந்தது. மீதியை அவன் தொடவில்லை. டோன்எக்ஸ் ஒன் என்று உள்ளங்கையளவு பெட்டி ஒன்று 2024இல் 179 டாலருக்கு வந்திருக்கிறது, படம் பிடிக்கும் வகை, அதன் மேல் அவனுக்கு ஒரு கண். வரட்டும், கொசுச் சோதனைக்குப் பெரியவர் தயாராக இருக்கிறார்.

“இனிமேல் இருபதாம் கட்டில் இழுத்தால் அந்தச் சத்தம்தான் மாமா முதலில் கேட்கிறது” என்று அவன் இரண்டு முறை குறைப்பட்டுக்கொண்டான். எனக்கும்தான்.

அவன் வீட்டில் ரவுட்டரும் கிட்டாரும் ஒரே அலமாரியில் இருக்கின்றன. பெட்டியின் அடாப்டர் முனையைச் சுற்றி அக்காவின் சிவப்பு நகப்பூச்சை இரண்டு பூச்சு பூசிக் கொடுத்தேன், காயும்வரை அதைத் தொடவேண்டாம் என்று சொல்லி.